பழைய பாட்டைத் திரும்பத் தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்ப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் திரைப்பாட்டு, சினிமாவுக்கு வெளியே வந்த பாட்டுகளும் கொஞ்சம் உண்டு. படிக்கும் முன் ஒரு வேண்டுகோள். ஒரு பாட்டு கிடைத்தவுடன் அதன் இசையமைப்பாளர், கவிஞர், பாடியவர், படம், ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த நல்ல பாட்டுக்கு வழி அந்தப் பெயர்களில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வரிதான் நினைவில் இருக்கிறது. பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த வரி பாட்டின் எந்த இடத்தில் வருகிறது என்று முதலில் யோசியுங்கள். இணையத்தில் பாட்டுகளுக்குப் பல்லவியின் முதல் வரியே பெயர். மனதில் தங்கியிருப்பதோ பல நேரம் சரணத்தின் நடு வரி, இல்லாவிட்டால் தொடக்கத்தில் தாளமில்லாமல் வரும் தொகையறா. தொகையறாவைப் பாட்டின் முதல் வரி என்று நினைத்துத் தேடிக் கிடைக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

வரியில் இருக்கும் சொற்களில் அரிதான ஒன்றைப் பிடியுங்கள். கண், நிலா, மலர், நெஞ்சம் எல்லாம் தேடலுக்கு உதவாது, ஆயிரம் பாட்டில் வரும். ஆவாரம்பூ, பளிங்கு மாதிரி ஒரு சொல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தேடும்போது ழகரத்தை ஒருவர் ‘இசட் எச்’ போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் வெறும் ‘எல்’ போட்டிருப்பார். தகரத்துக்கு ஒருவர் ‘டி எச்’ என்றால் இன்னொருவர் தனி ‘டி’. எல்லா விதத்திலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பாட்டைச் சுற்றி நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். ஆண் குரலா, ஜோடிப் பாட்டா, கோரஸ் உண்டா? கேட்டது பஸ்ஸிலா, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலா, டிவியிலா? படகில் போகும் காட்சியா, மேடையில் பாடுவதா? இந்த விவரங்களை வைத்தே சொல்லிவிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள், ஆனால் வரியைச் சொல்லாமல் மெட்டோடு பாடிக் காட்டுங்கள். சொன்னால் யோசிப்பார்கள். பாடினால் அடுத்த வரியை அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

வரியே தெரியாது, மெட்டு மட்டும்தான் தெரியும் என்றால்?

முணுமுணுத்துத் தேடும் வசதியைக் கூகுள் 2020ல் கொண்டுவந்தது. தமிழ்ப் பாட்டுக்கும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. பல்லவியைப் பதினைந்து விநாடியாவது இழுத்துப் பாடுங்கள். ‘லா லா’ என்று பாடினால் போதும், சொல் தேவையில்லை.

ஓடும் பாட்டைக் கேட்டு அடையாளம் சொல்லும் ஷஸாம் செயலி வேறு வகை. அது குறிப்பிட்ட ஒலிப்பதிவின் அடையாளத்தை எடுத்து, தன்னிடம் உள்ள பதிவுகளோடு ஒப்பிடுகிறது. அதனால் உங்கள் குரலில் பாடினால் அதற்குப் புரியாது. டீக்கடை ரேடியோவில் ஓடும் பாட்டைக் கேட்கவைத்தால் சொல்லிவிடும். பழைய கேசட்டில் இருந்து ஏற்றிய பாட்டு என்றால் அதுவும் தடுமாறும். நாடா ஓடிய வேகம் மாறினால் பதிவின் அடையாளமும் மாறிவிடுகிறது என்பதே காரணம்.

யூடியூபில் கிடைத்தது அதே பாட்டுத்தான், ஆனால் நான் கேட்ட மாதிரி இல்லையே. என் காதுதான் மாறிவிட்டதா?

காதில் கோளாறு இல்லை. பாட்டுத்தான் மாறியிருக்கிறது, அதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம் வேகம். சினிமாப் படச்சுருள் விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்) ஓடும். நம் ஊர் டிவியும் விசிடியும் விநாடிக்கு 25 சட்டங்கள். படத்தை டிவிக்கு மாற்றும்போது அந்த ஒரு சட்டத்தைச் சரிக்கட்ட மொத்தத்தையும் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டிவிடுவார்கள். நான்கு நிமிடப் பாட்டு பத்து விநாடி குறையும். சுருதியும் ஏறும், கிட்டத்தட்ட அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக. டிவியிலிருந்து எடுத்து ஏற்றிய பாட்டில் டி.எம்.எஸ். குரல் கொஞ்சம் இளைத்துப் போனது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். கூடவே ஆர்மோனியம் வைத்து வாசிப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

இரண்டாவது, இசைத்தட்டில் வந்த பாட்டும் படத்தில் வந்த பாட்டும் பல நேரம் வேறு வேறு. பத்து அங்குல 78 இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும். நீளமான பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், அல்லது ஒரு சரணத்தை விட்டுவிட்டார்கள். வானொலி ஒலிபரப்பியது இசைத்தட்டை. தியேட்டரில் கேட்டது படத்தின் ஒலித்தடத்தை. பாலும் பழமும் (1961) படத்தின் ‘நான் பேச நினைப்பதெல்லாம்’ மாதிரி, மகிழ்ச்சியாக ஒன்றும் சோகமாக ஒன்றும் இருக்கிற பாட்டுகளில் எதை நீங்கள் கேட்டீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் எனக்கு வருத்தம் தருவது. பழைய மோனோ பதிவை எடுத்து எதிரொலி சேர்த்து, டிரம்ஸ் சேர்த்து, ‘டிஜிட்டல்’ என்று பெயர் போட்டு ஏற்றுகிறார்கள். அந்தக் காலப் பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக நின்று, ஒரே மூச்சில் பாடி வாசித்தார்கள். யாராவது ஓரிடத்தில் பிசகினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். மைக்குக்கு அருகே யார், தள்ளி யார் என்பதிலேயே அந்த ஒலியின் அழகு இருந்தது. மேலே எதைப் பூசினாலும் அது மறைந்துபோகும். ஒரு பாட்டுக்கு நான்கைந்து பதிவு கிடைத்தால், கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் இசைத்தட்டிலிருந்து எடுத்ததையே முதலில் கேளுங்கள்.

கேசட்டில் இருந்த பாட்டு படத்திலேயே இல்லை. எப்படி?

பதிவாகி, படமாக்கப்படாமல் போனது; அல்லது படமாக்கி நீளம் கருதி வெட்டப்பட்டது. எஸ். ஜானகி பாடிய ‘புத்தம் புது காலை’ அலைகள் ஓய்வதில்லை (1981) இசைத்தட்டில் வந்தது, படத்தில் வரவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் காட்சியே இல்லாமல் மக்கள் அதைக் கேட்டார்கள். 2014ல் மேகா படத்தில் அது திரும்ப வந்தபோதுதான் அதற்கு ஒரு காட்சி கிடைத்தது.

எண்பதுகளில் வந்த நல்ல பாட்டென்றால் இளையராஜாதானே?

இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் பல பேருடைய உழைப்பு பெயரில்லாமல் போகிறது.

அன்னக்கிளி (1976) வந்த பிறகு பத்துப் பதினைந்து ஆண்டு தமிழ் இசையின் போக்கையே அவர் மாற்றினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருடைய ஒலி எல்லாரையும் பாதித்தது. அதனால்தான், அதே காலத்தில் மற்றவர்கள் போட்ட நல்ல பாட்டுகளையும் மக்கள் அவர் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ‘இளையராஜா ஹிட்ஸ்’ என்று யாரோ தொகுத்து ஏற்றிய பட்டியல்களில் இப்படிப்பட்ட பாட்டுகள் தாராளமாக இருக்கின்றன.

‘ஆவாரம்பூவு ஆறேழு நாளா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சமில்லை அச்சமில்லை (1984) படத்தில் வந்தது. இசை வி.எஸ். நரசிம்மன். இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்த பெரிய கலைஞர் அவர். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் கேட்கும் வயலினும் அவருடையது. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு இளையராஜா என்று சொல்பவர்கள் இன்றும் அதிகம். ஏழாவது மனிதன் (1982) படத்தில் ‘காக்கைச் சிறகினிலே’ உள்ளிட்ட பாரதியார் பாடல்களுக்கு இசையமைத்தவர் எல். வைத்தியநாதன். ‘மழை தருமோ என் மேகம்’ (மனிதரில் இத்தனை நிறங்களா, 1978) ஷியாம் போட்டது. ‘மாம்பூவே சிறு மைனாவே’ (மச்சானைப் பார்த்தீங்களா, 1978) சந்திரபோஸ். ஊமை விழிகள் (1986) படத்தின் ‘தோல்வி நிலையென நினைத்தால்’ மனோஜ்–கியான், ஆபாவாணன் கூட்டணி.

தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இதே கதை. ‘சாதி மல்லிப் பூச்சரமே’ (அழகன், 1991) மரகதமணியின் இசை. அதே மரகதமணிதான் தெலுங்கில் கீரவாணி. 2023ல் ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கியவர். ‘காதல் கடிதம் வரைந்தேன் உனக்கு’ (சேரன் பாண்டியன், 1991) சௌந்தர்யன்.

இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு கதவு. ஒரு பாட்டு பிடித்திருந்தால் அதே இசையமைப்பாளரின் மற்றப் பாட்டுகளைக் கேளுங்கள். செயலி தானாக ஓட்டிக் கொடுக்கும் அடுத்த பாட்டு, ஏற்கெனவே லட்சம் பேர் கேட்ட பாட்டாகத்தான் இருக்கும்.

பழைய பாட்டு கேட்க ஆசை. எங்கே தொடங்குவது?

பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து, 1940ல் தொடங்கி வரிசையாகக் கேட்கலாம் என்று பலர் முயல்வார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். நாற்பதுகளின் பாட்டு பழக்கமில்லாத காதுக்கு உடனே இறங்காது, அங்கேயே நின்றுவிடுவீர்கள். ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது.

என் முதல் பரிந்துரை ஸ்வர்ணலதா. 1987ல் நீதிக்குத் தண்டனை படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் யேசுதாஸுடன் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடினார். அது பாரதியார் பாட்டு. சத்ரியன் (1990) படத்தில் இளையராஜா இசையில் ‘மாலையில் யாரோ மனதோடு பேச’. மறு ஆண்டே கேப்டன் பிரபாகரனில் ‘ஆட்டமா தேரோட்டமா’. 1994ல் ஏ.ஆர். ரஹ்மானுக்கு ஒரு பக்கம் காதலனின் ‘முக்காலா’, இன்னொரு பக்கம் கருத்தம்மாவின் ‘போறாளே பொன்னுத்தாயி’. இரண்டாவது பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2000ல் அலைபாயுதே படத்தின் ‘எவனோ ஒருவன்’. இந்த ஆறு பாட்டையும் ஒரே மாலையில் கேளுங்கள். தாலாட்டு, மெல்லிசை, ஆட்டப் பாட்டு, மேற்கத்திய நடனப் பாட்டு, ஒப்பாரிச் சாயல், காத்திருப்பின் ஏக்கம் என எல்லாம் ஒரே குரலில் வந்துவிடும். மூன்று தலைமுறை இசையமைப்பாளர்களும் வந்துவிடுவார்கள். 2010ல் 37 வயதில் அவர் போய்விட்டார். அவருக்குக் கிடைக்க வேண்டிய கவனம் உயிரோடு இருந்தபோது கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எல்.ஆர். ஈஸ்வரி வழியாகவும் போகலாம். கிளப் பாட்டுக்காரர் என்று அவரை ஒதுக்கி வைத்திருந்தால், வெள்ளி விழா (1972) படத்தில் வி. குமார் இசையில் வாலி எழுதிய ‘காதோடுதான் நான் பாடுவேன்’ கேளுங்கள். ஏறக்குறைய ரகசியம் பேசும் அளவுக்குக் குரலை இறக்கிப் பாடியிருப்பார். அங்கிருந்து வி. குமாரின் மற்றப் பாட்டுகளுக்குப் போனால் ஒரு மாதம் போதாது.

கவிஞர் வழி வேண்டுமென்றால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959ல் 29 வயதில் இறந்தவர். ‘தூங்காதே தம்பி தூங்காதே’ (நாடோடி மன்னன், 1958) எல்லாருக்கும் தெரியும், அவர் இறந்த பிறகு வெளிவந்த அரசிளங்குமரி (1961) படத்தின் ‘சின்னப்பயலே சின்னப்பயலே’ பாட்டையும் கேளுங்கள்.

நாற்பதுகளுக்குக் கடைசியில் போகலாம், ஹரிதாஸ் (1944) வழியாக. பாபநாசம் சிவன் எழுதி, எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ சாருகேசி ராகம். அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

அம்மாவும் அப்பாவும் ‘சிலோன் ரேடியோ’ என்று சொல்லி உருகுகிறார்கள். அதில் அப்படி என்ன இருந்தது?

1952ல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. அந்த இடைவெளியில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை நுழைந்தது. கடல் தாண்டி வந்தாலும் தமிழ்நாட்டில் தெளிவாகவே கேட்டது. நம் அரசு விழித்துக்கொண்டு 1957ல் விவித பாரதியைத் தொடங்கியபோது நேயர்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் பழகியிருந்தார்கள்.

எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் அறிவிப்பாளர்கள். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுத்தான் பல வீடுகளில் பொழுது விடிந்தது. அவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று முழுப் பெயர்களையும் நல்ல உச்சரிப்பில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் மருதகாசி யார், கே.வி. மகாதேவன் யார் என்று தெரிந்திருந்தது அதனால்தான். இன்றைய செயலிகளில் பாட்டின் பெயருக்குக் கீழே பாடகர் பெயர் மட்டும் நிற்கிறது. பல பழைய பாட்டுகளுக்குக் கவிஞர் பெயரே இல்லை. இது பெரிய இழப்பு.

பாட்டோடு காட்சியும் பார்க்க வேண்டும். எல்லாப் பாட்டுக்கும் காட்சி கிடைக்குமா?

கிடைக்காது. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) படத்துக்கு இன்று பிரதியே இல்லை. ஐம்பதுகளின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதையவும் செய்யும். புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964ல்தான். அதற்குள் பல படங்கள் போய்விட்டன. படம் போய்ப் பாட்டு மட்டும் இசைத்தட்டில் தங்கியதும் உண்டு.

கிடைக்கிறவற்றில் கறுப்பு வெள்ளையைக் கறுப்பு வெள்ளையாகவே பாருங்கள். கணினியில் வண்ணம் ஏற்றியவை அந்த ஒளிப்பதிவின் நிழலையும் வெளிச்சத்தையும் தட்டையாக்கிவிடுகின்றன. வண்ணம் வேண்டுமென்றால் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) இருக்கிறது, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம்.

1975ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ வந்தது. தெருவில் டிவி உள்ள வீட்டு ஜன்னலில் கூட்டம் நின்ற காலம் அது. அதுவரை காதால் மட்டும் கேட்ட பாட்டுக்கு முகம் கிடைத்தது. 1993ல் சன் டிவி தொடங்கிய பின், பார்க்கிறவர் ஃபோன் செய்து பாட்டுக் கேட்கலாம் என்றானது. ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ நினைவிருக்கிறவர்கள் தொண்ணூறுகளின் பாட்டுக் காட்சிகளை அந்த வழியாகத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள்.

காட்சிகளைத் தேடும்போது நடனக்காரரின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரபுதேவா ஆடிய ‘சிக்கு புக்கு ரயிலே’ (ஜென்டில்மேன், 1993), அடுத்த ஆண்டின் ‘முக்காலா’, அவர் நடனம் அமைத்த ‘ரவுடி பேபி’ (மாரி 2, 2018) மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கேமராவும் எடிட்டிங்கும் எவ்வளவு மாறினாலும் அந்த இடுப்பும் முட்டியும் அவருடையவை என்று தெரியும். மூன்றாவது பாட்டு யூடியூபில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டியது.

இந்தப் பாட்டு இந்தியில் இருக்கிறதே. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

ஆண்டைப் பாருங்கள், விடை வந்துவிடும். ‘ஓராயிரம் பார்வையிலே’ (வல்லவனுக்கு வல்லவன், 1965) இந்தியில் ‘சௌ பார் ஜனம் லேங்கே’ (உஸ்தாதோங் கே உஸ்தாத், 1963). மாடர்ன் தியேட்டர்ஸ் இந்திப் படத்தைத் தமிழில் எடுத்தபோது இசையமைப்பாளர் வேதா அதே மெட்டில் தமிழ்ப் பாட்டுச் செய்தார். மெட்டு இந்தி இசையமைப்பாளர் ரவியுடையது, ஆனால் டி.எம்.எஸ். பாடிய தமிழ் வடிவத்துக்குத் தனி உயிர் இருக்கிறது. வேதாவைக் காப்பி அடித்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நியாயமில்லை. பார்த்திபன் கனவு (1960) அவர் இசைதான், கேட்டுப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. இளையராஜா மலையாளத்தில் ‘தும்பீ வா’ (ஓளங்ஙள், 1982) என்று போட்ட மெட்டு, தமிழில் ‘சங்கத்தில் பாடாத கவிதை’ (ஆட்டோ ராஜா, 1982) ஆனது. 2009ல் ‘பா’ இந்திப் படத்திலும் வந்தது. அமெரிக்காவின் பிளாக் ஐடு பீஸ் குழு, ஸ்ரீ ராகவேந்திரர் (1985) படத்தின் ‘உனக்கும் எனக்கும்’ பாட்டிலிருந்து ஒரு துண்டை 2003ல் தன் பாட்டில் எடுத்தாண்டது.

பழைய பாட்டு திடீரென்று எல்லார் வாயிலும் வருகிறதே, அது எப்படி?

இப்போதைய இயக்குநர்கள் சிலர் நல்ல கேட்பாளர்கள். கைதி (2019) படத்தில் ‘ஆசை அதிகம் வச்சு’ (மறுபடியும், 1993), விக்ரம் (2022) படத்தில் ‘சக்கு சக்கு வத்திக்குச்சி’ (அசுரன், 1995), லியோ (2023) படத்தில் ‘கரு கரு கருப்பாயி’ (ஏழையின் சிரிப்பில், 2000). மூன்றையும் அவை வந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகள் இன்று பாடுகிறார்கள். ஆனால் ‘சக்கு சக்கு’வுக்கு இசை ஆதித்யன் என்று எத்தனை பேர் தேடிப் பார்த்தார்கள்? தேடினால் அவருடைய மற்றப் பாட்டுகளும் கிடைக்கும்.

1991 தீபாவளிக்கு குணாவும் தளபதியும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜா இசை. தளபதியின் ‘காட்டுக்குயிலு’, ஈழத் தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் 2007 தொகுப்பில் ஒலித்தது. குணாவின் ‘கண்மணி அன்போடு காதலன்’ 2024ல் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படத்தோடு ஊர் முழுக்கத் திரும்பியது. அந்தப் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பிலிருந்து படத் தயாரிப்பாளர்களுக்கு வக்கீல் நோட்டீஸும் போனது. ஒரு பாட்டு திரும்ப உயிர் பெறும்போது அதன் பலன் யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்வி இன்னும் முடிவுக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், மெட்டமைத்தவருக்கும் எழுதியவருக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

ரீமிக்ஸ் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

படகோட்டி (1964) படத்தின் ‘தொட்டால் பூ மலரும்’ மெட்டை ரஹ்மான் நியூ (2004) படத்தில் புதிதாகவே யோசித்திருந்தார். அப்படிச் செய்தால் வரவேற்கலாம். தாளத்தை மட்டும் ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டு உண்டா?

நிறைய. இலங்கையில் அறுபது, எழுபதுகளில் பைலா தாளத்தில் தமிழ்ப் பொப் இசை வளர்ந்தது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ இரண்டும் கடல் கடந்து வந்தவை. சுராங்கனி 1977ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

மலேசியாவின் யோகி பி–நட்சத்திரா குழு 2006ல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் உள்ள ‘மடை திறந்து’, நிழல்கள் (1980) படப் பாட்டை எடுத்துத் தமிழ் ராப் ஆக்கியது. தமிழில் ராப் என்பதை இளைஞர்கள் கவனித்ததில் அதற்குப் பெரிய பங்கு. 2021ல் தீ, அறிவு பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து எழுந்தது. ஒப்பாரியும் உழைப்புப் பாட்டும் ராப்பும் அதில் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அதன் காட்சியில் வரும் மனிதர்களின் முகங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

பாட்டு வரிகள் இணையத்தில் தப்புத் தப்பாக இருக்கின்றன. சரியான வரிக்கு எங்கே போவது?

பாட்டுப் புத்தகத்துக்கு. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலிலேயே விற்பார்கள். கதைச் சுருக்கம் பாதியில் நின்று ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும், பின்னால் எல்லாப் பாட்டும் அச்சாகியிருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இவை சேகரிக்கப்பட்டிருக்கின்றன. பழைய புத்தகக் கடைகளிலும் அவ்வப்போது கிடைக்கும். அச்சிலும் பிழை உண்டு, அதனால் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒப்பிடுங்கள்.

வீட்டில் தாத்தாவின் இசைத்தட்டுகளும் ஒரு பெட்டி கேசட்டும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடைகளிலும் இணையத்திலும் இல்லாத பதிவு உங்கள் பெட்டியில் இருக்கலாம்.

78 இசைத்தட்டு அரக்கால் ஆனது. அதை ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ போட்டுத் துடைத்தால் மேற்பரப்பு கரைந்துவிடும். லேசான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஈரம் படக்கூடாது. எல்.பி.க்கான ஊசியில் அதை ஓட்டாதீர்கள். 78ன் பள்ளம் அகலமானது, தனி ஊசி வேண்டும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

கேசட்டை ஓட்டும் முன் பிளேயரின் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். இங்கே ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதுதான் முறை. பல ஆண்டு ஓடாத நாடாவை ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிய பிறகு பதிவு செய்யுங்கள். கேசட்டுக்குள் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், வேறு கேசட்டின் கூட்டுக்கு நாடாவை மாற்ற வேண்டும். கணினியில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சலை நீக்குவதென்றால் நகலில் நீக்குங்கள், மூலப் பதிவைத் தொடாதீர்கள். லேபிளையும் உறையையும் படம் எடுத்துக் கூடவே வையுங்கள். சில பாட்டுகளுக்குக் கவிஞர் பெயர் அதில்தான் இருக்கும்.

அப்படிப் பதிவு செய்ததை யூடியூபில் ஏற்றலாமா?

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1964ல் வெளியான பதிவின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. அவற்றை உருவாக்கியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை தொடரும். கண்ணதாசன் 1981ல் இறந்தார், அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. எம்.எஸ்.வி. இறந்தது 2015. ஆகவே 1964ன் ஒரு பாட்டில் ஒலிப்பதிவு விடுபட்டிருக்கும், வரியும் இசையும் விடுபட்டிருக்காது. வீட்டில் கேட்க, பாதுகாக்கப் பதிவு செய்யுங்கள். பொதுவில் ஏற்றும் முன் உரிமை யாரிடம் என்று பாருங்கள். அரிதான பதிவு என்றால் ஓர் ஆவணக் காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ நகல் கொடுப்பது ஏற்றுவதைவிட நல்லது. அங்கே அது முழு விவரங்களோடு பதிவாகும்.